சின்னத்திரை கேள்வி பதில்: மூன்று வாரமாகியும் தாலி ஏறவில்லை

கேள்வி: நான் பார்க்கும் தொடரில் மூன்று வாரமாக ஒரே கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார், யாராவது "நிறுத்துங்க!" என்பார்கள், 'தொடரும்' போட்டுவிடுவார்கள். பொறுத்திருந்து பார்ப்பதா, விட்டுவிடுவதா?
– வாசகி, ஃபீனிக்ஸ், தென்னாப்பிரிக்கா

பதில்: கடிகாரத்தையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் உட்காருங்கள். அரைமணி நேரத் தொடரில் விளம்பரம் போகக் கிடைப்பது ஏறக்குறைய 22 நிமிடம். தலைப்புப் பாட்டு, முன்கதை, நாளைய காட்சிகள் எல்லாம் கழித்தால் கதைக்கு மிஞ்சுவது 18 நிமிடம் இருக்கும். அதில் ஐந்தாறு சீன் ஓடும். ஒவ்வொரு சீனுக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: யாருக்குப் புதிதாக என்ன தெரியவந்தது, அல்லது யார் என்ன முடிவெடுத்தார். எழுத ஒன்றுமே இல்லை என்றால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு சீனிலாவது ஏதேனும் மாறியிருந்தால் அந்த எபிசோட் தேறியது. மூன்று நாளும் தாள் முழுக்கக் கோடாக இருந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள். பத்து நாள் கழித்து வந்தாலும் முன்கதையிலேயே கதையைப் பிடித்துவிடலாம்.

நேரம் எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஓர் அதிர்ச்சி வசனம் விழுகிறது. மண்டபத்தில் எட்டுப் பேர். ஆளுக்கு மூன்று விநாடி முகத்தைக் காட்டினால் 24 விநாடி. அதையே இடிச் சத்தத்தோடு மூன்று சுற்று காட்டினால் 72 விநாடி. ஒரே எபிசோடில் இப்படி நான்கு அதிர்ச்சி வந்தால், 18 நிமிடத்தில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் வெறும் ரியாக்‌ஷன் ஷாட்டிலேயே கரைந்துபோகிறது. இன்னொரு அடையாளமும் உண்டு: ஒரே கேள்வியை அம்மா கேட்பார், பிறகு சித்தப்பா கேட்பார், பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். பதில் மட்டும் மாறாது.

ஏன் கல்யாணத்தையே பிடித்துக்கொள்கிறார்கள்? மண்டபம் ஒரே இடம். உடையும் அலங்காரமும் மாற்ற வேண்டாம், விளக்குகளைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்கு ஓட வேண்டாம். எல்லா நடிகர்களின் கால்ஷீட்டும் ஒன்றாகக் கிடைக்கும் நாள்கள் குறைவு. கிடைத்தபோது முடிந்த அளவு எடுத்துத் தள்ளுவார்கள். எந்தத் தொடரை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் டிஆர்பி கணக்கு இந்தியாவில் வாரா வாரம் வியாழக்கிழமை வெளிவரும். எண் ஏறியிருந்தால் முகூர்த்தம் இன்னொரு வாரம் தள்ளிப்போகும். இதெல்லாம் உண்மையான நெருக்கடிதான். ஆனால் அவர்களுடைய நெருக்கடிக்கு நம் மாலைப் பொழுதைக் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

நீளத்தை மட்டும் வைத்துத் தொடரைத் திட்டாதீர்கள். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500 எபிசோடுக்கு மேல் ஓடியது. நம் தென்னாப்பிரிக்கத் தொடர் 'இசிடிங்கோ' 1998இல் தொடங்கி 2020 வரை ஓடியது. ஒருவர் இன்று சொன்ன பொய்க்கு அறுபது எபிசோட் கழித்து விலை கொடுக்கிறார் என்றால், அந்த நீளம் கதைக்கு வலு. கொடுத்த விலையை அடுத்த வாரமே எல்லோரும் மறந்துவிட்டால் அது இழுவை.

கேள்வி: நாங்கள் இங்கே தினமும் பார்க்கிறோமே, அந்த டிஆர்பியில் எங்களைச் சேர்ப்பார்களா?
– வாசகர், லெனேசியா

பதில்: சேர்ப்பதில்லை. டிஆர்பியை அளக்கும் 'பார்க்' (BARC) அமைப்பு மீட்டர் வைத்திருப்பது இந்தியாவில் உள்ள வீடுகளில் மட்டும். நீங்கள் சேனலை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் சென்னையில் எழுதுபவருக்குத் தெரியாது. ஆகவே உங்கள் கருத்து அவருக்குப் போய்ச் சேர வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: வில்லனாக இருந்தவர் திடீரென்று நல்லவராகிவிட்டார். இன்னொரு தொடரில் நடிகரே மாறிவிட்டார். இரண்டும் ஒரே குறைதானே?
– வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை. நடிகர் மாறுவதற்கு இறப்பு, பிரசவம், சம்பளத் தகராறு, சினிமா வாய்ப்பு என்று கதைக்கு வெளியே நூறு காரணம் இருக்கும். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அப்படி வருபவருக்கு ஒரு மாதம் பொறுமை காட்டுவதுதான் நியாயம். பழையவரின் நடையையும் குரலையும் தேடிக்கொண்டே பார்த்தால் புதியவர் என்ன செய்கிறார் என்று கண்ணில் படவே படாது.

குணம் மாறுவது எழுத்தாளரின் பொறுப்பு. மாறுவதற்கு முன்பு அவர் எதையாவது இழந்தாரா, மாறிய பிறகு பழைய தவறுக்கு யாரிடமாவது பதில் சொன்னாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் கோயிலில் ஒரு மணி அடித்ததும் திருந்திவிட்டார் என்றால் அது கதையில் ஓட்டை. அங்கே கடுமையாகவே எழுதுங்கள்.

கேள்வி: தமிழ் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். தமிழ் தெரியாத பேரன் ஆங்கில சப்டைட்டிலைப் படித்துவிட்டு, "இதில் என்ன ஆயா சிரிப்பு?" என்கிறான். நகைச்சுவை மட்டமா, அவனுக்குத்தான் புரியவில்லையா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பெரும்பாலும் சப்டைட்டில்தான் அவன் சிரிப்பைக் கெடுக்கிறது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் திருப்பமும் கடைசிச் சொல்லில் உட்காரும். "அண்ணி ஊருக்குப் போயிட்டா இந்த வீடே வெறிச்சுன்னு..." என்று இழுத்து, ஒரு மூச்சு விட்டு, "நல்லா இருக்கும்" என்கிறார் நடிகர். உங்களுக்கு அந்த ஒரு மூச்சில்தான் சிரிப்பு தயாராகிறது. பேரனுக்கோ நடிகர் 'அண்ணி' என்று வாய் திறக்கும்போதே முழு வாக்கியமும் கீழே வந்துவிடுகிறது; 'நல்லா இருக்கும்' என்பதை ஆங்கிலம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. முடிவு தெரிந்த பிறகு யார் சிரிப்பார்கள்? நல்ல சப்டைட்டில்காரர் அந்த மூச்சு விழும் இடத்தில் வரியை இரண்டாக வெட்டி, பின்பாதியைத் தாமதித்துப் போடுவார். அவசரத்தில் செய்பவர் அப்படியே ஒட்டிவிடுவார்.

அடுத்தது சிலேடை. "மாலை வரும்னு சொன்னீங்க, அதான் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்பதில் பொழுதும் பூமாலையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றுதான் தேறும். அதைவிடப் பெரிய இழப்பு உறவுமுறை. அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள், ஓரகத்தி நால்வருக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். மச்சான் மச்சானைக் கேலி செய்யலாம், மருமகன் மாமனாரைச் செய்யக் கூடாது என்ற வழக்கம் தெரிந்தால்தான், மருமகன் வாய் தவறி உளறும்போது சிரிப்பு வரும். கீழே வெறும் பெயரைப் படிக்கும் பிள்ளைக்கு அங்கே எந்தக் கோடும் தெரியாது, கோடு தாண்டியதும் தெரியாது.

செய்யக்கூடியது இதுதான். எபிசோட் தொடங்குமுன் யார் யாருக்கு என்ன முறை என்று அவனுக்கு இரண்டு நிமிடம் சொல்லுங்கள். பதிவு செய்து பார்ப்பதாக இருந்தால் ஒரே ஒரு சீனை முதலில் சப்டைட்டில் இல்லாமல் ஓட்டி, முகத்தையும் நடையையும் பார்க்க விடுங்கள். பிறகு நிறுத்தி, அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் தமிழிலேயே சொல்லிப் பொருள் சொல்லுங்கள். ஓர் எபிசோடுக்கு இப்படி இரண்டு இடம் போதும். அதற்கு மேல் போனால் பாடமாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அவன் சிரிக்காவிட்டால் நகைச்சுவையையும் சந்தேகப்படலாம். கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பொலியை மட்டும் கேளுங்கள். நிஜமான கூட்டத்தில் ஒருவர் தொடங்குவார், அது பரவும், ஓரத்தில் ஒருவர் தாமதமாகச் சிரித்து முடிப்பார். நடிகரும் அதற்கு இடம் விட்டு அடுத்த வசனத்தைப் பிடிப்பார். பதிவு செய்து பின்னால் சேர்த்த சிரிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் தொடங்கி ஒரே அளவில் அறுந்துபோகும். பல இடங்களில் அடுத்த வசனத்தையே மூழ்கடித்துவிடும்.

கேள்வி: குண்டான பெண், கறுப்பான பெண், சேலை கட்டிய ஆண். வாராவாரம் இவர்களை வைத்தே கவுண்டர் அடிக்கிறார்கள். என் மகள்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "நகைச்சுவையை நகைச்சுவையாகப் பார்" என்கிறார் கணவர். நான் கோபப்படுவது அதிகமா?
– வாசகி, டொங்காட்

பதில்: அதிகமே இல்லை. அந்த வசனத்திலிருந்து உடலை எடுத்துவிட்டுப் பாருங்கள். "இவ உட்கார்ந்தா நாற்காலி உடையும்" என்பதில் உடலை எடுத்தால் மிச்சம் பூஜ்யம். அங்கே எழுத்தாளர் வேலையே செய்யவில்லை. அதே பெண் தன் கடன்காரரைச் சமாளிக்கப் புதுப்புதுப் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறாள் என்றால் சிரிப்பு அவளுடைய சாமர்த்தியத்தில் இருக்கிறது. அவள் எந்த உருவத்தில் இருந்தாலும் ஓடும். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் தங்கள் நிறத்தைப் பற்றி வெளியே கேட்பது போதாதென்று கூடத்திலும் கேட்க வேண்டுமா? உங்கள் கணவரிடம் இந்தச் சோதனையை ஓர் எபிசோட் முழுக்கச் சேர்ந்து செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். சென்னையில் இரவு 9.30 என்றால் இங்கே மாலை 6. பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்க்கட்டும் என்று அங்கே எழுதியது நேரடியாக வந்தால், நம் வீட்டில் சோறு வேகும் நேரத்தில் வந்து விழுகிறது. இங்கே பெரியவர்களுக்கான காட்சிகளுக்கு இலவச சேனல்களில் இரவு 9 மணிக்குப் பிறகும், சந்தா சேனல்களில் 8 மணிக்குப் பிறகும்தான் இடம். அடி, வெட்டு, பெண்ணை இழிவாக நடத்தும் காட்சி ஆகியவை அதற்கு முன்பு வந்தால், தென்னாப்பிரிக்க ஒளிபரப்புப் புகார் ஆணையத்துக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. ஒளிபரப்பான 30 நாளுக்குள் எழுத வேண்டும். கவுண்டர் அசிங்கமாக இருந்தது என்பதற்காக மட்டும் அவர்கள் தண்டிப்பது அரிது. நாடகத்துக்கும் கலைக்கும் விதியிலேயே சலுகை உண்டு. அதனால் அந்தப் புகாரைச் சேனலுக்கே எழுதுங்கள்.

எப்படி எழுதினாலும் "உங்கள் நிகழ்ச்சி கேவலம்" என்று தொடங்கினால் படிப்பவர் அங்கேயே மூடிவைத்துவிடுவார். சேனல் பெயர், நிகழ்ச்சி, தேதி, நம் நேரம், எத்தனையாவது நிமிடம், யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை அப்படியே முதல் இரண்டு வரியில் வையுங்கள். மூன்றாவது வரியில், அப்போது உங்கள் வீட்டில் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு என்ன வயது என்று எழுதுங்கள்.