கார்னெலுக்கு எர்லி டிசிஷன் போடலாமா?

கேள்வி: "நியூ ஜெர்சியில் இருக்கிறோம், எச்-1பி விசா. மகன் 12ஆம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படுகிறான். கார்னெல், கார்னெகி மெல்லன் இரண்டும் பிடித்திருக்கிறது என்கிறான். கார்னெலுக்கு எர்லி டிசிஷன் போட்டால் வாய்ப்பு மூன்று மடங்கு என்று நாங்கள் வைத்திருக்கும் ஆலோசகர் சொல்கிறார். போடலாமா?"

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், இந்த நவம்பரில் போடாதீர்கள். கார்னெலில் எந்தக் குறையும் இல்லை. "இரண்டும் பிடித்திருக்கிறது" என்று அவன் சொல்வதும், "எச்-1பி" என்று நீங்கள் சொல்வதும்தான் என்னை யோசிக்க வைக்கின்றன. இந்த இரண்டிலும் தெளிவு வந்துவிட்டால் என் பதிலும் மாறும். எங்கள் வீட்டில் மகனுக்கு எர்லி டிசிஷன் போடவில்லை, நான்கு வருடம் கழித்து மகளுக்குப் போட்டோம். இரண்டு முடிவிலும் எனக்கு முழுத் திருப்தி.

எர்லி டிசிஷன் என்றால் என்ன என்று ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவில் பல தனியார் கல்லூரிகள் நவம்பர் 1 வாக்கில் ஒரு முன்கூட்டிய விண்ணப்பத்தை வாங்கி, டிசம்பர் நடுவில் முடிவு சொல்லிவிடும். இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன், மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெறுவேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் இப்படிப் போட முடியும். கார்னெல், பிரவுன், கொலம்பியா, பென், டார்ட்மத், டியூக் எல்லாம் இந்த வகை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி. ஆகியவை முன்கூட்டியே முடிவு சொன்னாலும் கட்டாயம் சேரச் சொல்வதில்லை. அது எர்லி ஆக்‌ஷன். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மூன்று மடங்கு என்பதற்கு வருகிறேன். அது பொய்க் கணக்கு இல்லை. 2024 சேர்க்கைக்குப் பிரவுன் அறிவித்த எண்ணிக்கையைப் பாருங்கள்: எர்லி டிசிஷனில் 6,244 பேர் போட்டு 898 பேருக்கு இடம், அதாவது 14 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த ஆண்டு மொத்தம் 48,881 விண்ணப்பங்களுக்கு 2,521 இடங்கள். முன்கூட்டிப் போட்டவர்களைக் கழித்துவிட்டால் மற்றவர்களுக்கு நான்கு சதவீதம்கூடத் தேறாது. ஆலோசகர்கள் காட்டுவது இப்படிப்பட்ட கணக்கைத்தான். ஆனால் அந்த 898 பேர் யார் என்று அவர்கள் விளக்குவதில்லை. பயிற்சியாளர்கள் முன்பே தேர்ந்தெடுத்து வைத்த விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருவார்கள். அங்கேயே படித்த பெற்றோரின் பிள்ளைகளும் இதில் நிறைய. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தயாராகி, கோடையிலேயே கட்டுரை எல்லாம் எழுதி முடித்தவர்களும் இதில்தான். அவர்களை எல்லாம் எடுத்துவிட்டால் உங்கள் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் மிஞ்சுகிற சாதகம் மூன்று மடங்கு இருக்காது.

சாதகமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரே தரத்திலுள்ள மாணவர்களை ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2003இல் வந்தது. முன்கூட்டிப் போடுவது, கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் கூடுதலாக 100 மதிப்பெண் எடுத்ததற்குச் சமம் என்று அதில் கண்டார்கள். பழைய ஆய்வுதான், ஆனால் அதற்கான காரணம் இன்றும் மாறவில்லை. இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் சேருவார்கள் என்பது ஒவ்வொரு கல்லூரிக்கும் பெரிய கவலை. கட்டாயம் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவன் அந்தக் கவலையைத் தீர்க்கிறான். ஆக, இந்த ஏற்பாடு முதலில் உதவுவது கல்லூரிக்கு. ஏழைப் பிள்ளைகளை இது பின்னுக்குத் தள்ளுகிறது என்று சொல்லித்தான் 2006இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையையே நிறுத்தின. 2011இல் திரும்பக் கொண்டுவந்தபோது இரண்டுமே கட்டாயம் இல்லாத வகையாகத்தான் கொண்டுவந்தன. இது கட்டணத்தை ஏற்றிவிடுகிறது என்று 2025 ஆகஸ்டில் 32 கல்லூரிகள் மீது வழக்கே போட்டிருக்கிறார்கள்.

சரி, உங்கள் வீட்டுக் கணக்கு. கார்னெலில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல். உங்கள் மகன் எச்-4 விசாவில் (எச்-1பியில் இருப்பவரின் பிள்ளைகளுக்குக் கொடுப்பது) இருந்தால் அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் அவனுக்குப் பயன்படாது. இங்கேயே மழலையர் பள்ளியிலிருந்து படித்திருந்தாலும் பல கல்லூரிகளின் ஏட்டில் அவன் வெளிநாட்டு மாணவன்தான். கார்னெல் வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும்போது, உதவி கேட்கிறார்களா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. கார்னெகி மெல்லன் அவர்களுக்கு இளநிலைப் படிப்பில் உதவியே தருவதில்லை. பிரவுன், டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன், யேல் போன்ற சில இடங்களில் மட்டும்தான் பணத்தேவை தேர்வைப் பாதிக்காது. ஆலோசகர் இதையெல்லாம் உங்களோடு உட்கார்ந்து பேசினாரா? பேசாமல் மூன்று மடங்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

"உதவி வேண்டாம், முழுசாகக் கட்டிவிடுகிறோம்" என்று நீங்கள் சொல்லலாம். இருவரும் ஐ.டி.யில் இருக்கும் குடும்பங்கள் அப்படிச் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் சேரும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் அடுத்தடுத்த வருடங்களில் கேட்க முடியாது என்று பல கல்லூரிகளில் விதி இருக்கிறது. எச்-1பி வேலை போனால் நமக்குக் கொடுக்கும் அவகாசம் 60 நாள். மகனுக்கு 21 வயது முடியும்போது எச்-4 போய்விடும், படிப்பின் நடுவிலேயே மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற்ற வேண்டி வரலாம். நான்கு வருடத்துக்கு மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் கட்டுவதாக ஒரே கல்லூரிக்குக் கையெழுத்துப் போடும்போது இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மகன் காலத்தில் நாங்களும் எச்-1பிதான். அவனுக்கும் மூன்று கல்லூரிகள் ஒரே மாதிரி பிடித்திருந்தன. அதனால் எல்லாவற்றையும் ரெகுலரில், அதாவது கட்டாயமில்லாத வழக்கமான முறையில் போட்டு, வந்ததை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ரட்கர்ஸில் சேர்ந்தான். நன்றாகப் படித்தான், இப்போது வேலையில் இருக்கிறான்.

மகள் விண்ணப்பிக்கும்போது எங்களுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. அவளுக்குப் பிரவுன் மேல் ஆசை வந்தது தரவரிசையைப் பார்த்து இல்லை. கட்டாயப் பொதுப்பாடம் என்று எதுவும் இல்லாமல், தானே பாடங்களைத் தேர்ந்து படிக்கும் முறை அங்கே 1969இலிருந்து இருக்கிறது. மூளை அறிவியலும் வேண்டும், நாடகமும் வேண்டும் என்று நிற்கிற பெண் அவள். எந்த வகுப்பில் யார் என்ன நடத்துகிறார் என்பதுவரை தேடி வைத்திருந்தாள். அப்படியும் பணக் கணக்கு பார்க்காமல் சரி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டோம்.

நம் வீட்டு வரவுக்கும் சொத்துக்கும் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று கணக்குப் போட்டுக் காட்ட, ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கும்; சட்டப்படி வைத்தாக வேண்டும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அவள் கேள்வியை வாசிக்க, என் கணவர் பதில் சொல்ல, நான் பழைய வரித்தாக்கல் தாள்களைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தேன். வீட்டின் இன்றைய மதிப்பு, பாக்கிக் கடன், வங்கி இருப்பு எல்லாம் முடிந்து, "வேறு நிலம், கட்டடம் உண்டா?" என்று வந்தது.

"பாபநாசத்துப் பக்கம் தாத்தா வயல்ல என் பங்கு இருக்கு. அதையுமா?"

"ஆமாப்பா. எந்த நாட்டுல இருந்தாலும் சொல்லணும்."

உடனே கும்பகோணத்தில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார். அங்கே காலை நேரம். மதிப்பு என்ன போகும் என்று கேட்டதும், "ஏண்ணே, விக்கப் போறியா?" என்று அவர் பதறிவிட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லி முடிக்கவே அரை மணி நேரம் ஆனது. கடைசியில் திரையில் ஒரு எண் வந்தது. உதவி என்று வந்த தொகை சிறியது, நாங்கள் கட்ட வேண்டியது பெரியது. அவர் அதை நான்கால் பெருக்கி ஒரு கவரின் பின்பக்கம் எழுதினார்.

"முடியுமாப்பா?" என்றாள்.

"முடியும். ஆனா அதுக்கு மேல படிக்கிறதுன்னா நீதான் பாத்துக்கணும். அப்பாகிட்ட இருக்காது."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, "யோசிச்சேன்மா. எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பேச்சு நடந்த பிறகுதான் நானும் கையெழுத்துப் போட்டேன். டிசம்பரில் இடம் கிடைத்தது. கிடைத்திருக்காவிட்டாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எங்களுக்கு வீணாகியிருக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் மகனிடம் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி. மார்ச் கடைசியில் கார்னெல், கார்னெகி மெல்லன், இல்லினாய், ஜார்ஜியா டெக் எல்லாமே அவனைக் கூப்பிட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளட்டும். எதில் சேருவான்? "கார்னெல்" என்று யோசிக்காமல் சொல்லி, ஏன் என்று அங்கே உள்ள பாடங்களையும் ஆட்களையும் வைத்து அவனால் பேச முடிந்தால், போடுவதைப் பற்றி மேற்கொண்டு பேசலாம். "எது கிடைக்குமோ அது" என்றால் வேண்டாம். எர்லி டிசிஷனை எங்கே பயன்படுத்தினால் லாபம் என்று பார்த்து, பிறகு அந்தக் கல்லூரியை விரும்பக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளை நான்கு வருடம் வாழப் போகிற இடத்தை அப்படி முடிவு செய்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அவன் மதிப்பெண்களையும் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் சறுக்கி இப்போது ஏறிக்கொண்டிருக்கிறான் என்றால், பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு மதிப்பெண்ணோடு ஜனவரியில் போவதே அவனுக்கு நல்லது. கார்னெலில் எந்தக் கல்லூரி வழியாகப் போடுகிறான் என்பதும் முக்கியம். கம்ப்யூட்டர் சயின்ஸைப் பொறியியல் கல்லூரி வழியாகவும் படிக்கலாம், கலை அறிவியல் கல்லூரி வழியாகவும் படிக்கலாம். பாடத்திட்டம் இரண்டிலும் ஒன்றல்ல, விண்ணப்பத்தில் ஒன்றைத்தான் குறிக்க முடியும்.

"கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் விலகிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிடைத்த உதவித்தொகை போதவில்லை என்றால் விலக அனுமதி உண்டு. அதற்கு முதலில் உதவி கேட்டு விண்ணப்பித்திருக்க வேண்டும். மற்ற காரணங்களுக்காக விலகினால் அடி விழுவது பள்ளிக்கும் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும். அப்படிப் பின்வாங்கியதற்காக 2025இல் டுலேன் பல்கலைக்கழகம் சில பள்ளிகளின் மாணவர்களிடம் ஓராண்டுக்கு எர்லி டிசிஷன் விண்ணப்பமே வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது.

போடாவிட்டால் நவம்பர் வீணாகிவிடும் என்ற பயம் வேண்டாம். ரட்கர்ஸ், மேரிலாண்ட், பர்டியூ, இல்லினாய், ஜார்ஜியா டெக் எல்லாவற்றிலும் கட்டுப்பாடில்லாத எர்லி ஆக்‌ஷன் இருக்கிறது, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எல்லாமே நல்ல இடங்கள். முதல் வேலையாக அவற்றை அனுப்பிவிடச் சொல்லுங்கள். ரட்கர்ஸில் உங்கள் விசாவுக்கு உள்ளூர்க் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள். டிசம்பருக்குள் அவன் மனம் ஒரு கல்லூரியில் நின்றால், வாண்டர்பில்ட், சிகாகோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், என்.ஒய்.யூ., எமரி, டஃப்ட்ஸ் போன்ற இடங்களில் ஜனவரியில் இரண்டாவது எர்லி டிசிஷன் உண்டு. கார்னெலில் அது இல்லை.

இந்த வாரமே கார்னெலின் நிதியுதவி அலுவலகத்துக்கு உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று கேள்விகள்: எச்-4 மாணவரை எந்தப் பிரிவில் வைக்கிறீர்கள், முதல் வருடம் கேட்காவிட்டால் பிறகு உதவி கேட்கலாமா, படிப்பின் நடுவில் விசா வகையோ பெற்றோர் வேலையோ மாறினால் என்ன செய்வீர்கள். போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், எழுத்தில் வாங்குங்கள். பதில் வந்ததும் அதை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம். கல்லூரிகள் நிதியுதவிக்காகக் கேட்கும் சி.எஸ்.எஸ். படிவத்தில் ஊர்ச் சொத்து, ஊர்ப் பெற்றோருக்கு அனுப்பும் பணம் பற்றிய இடங்களில் சந்தேகம் வந்தாலும் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.