தலைமைப் பொறுப்பில் நடிக்காமல் நானாகவே இருப்பது எப்படி?

‘புதிதாகக் குழுத் தலைவர் ஆகியிருக்கிறேன், நாளெல்லாம் நடிப்பது போலவே இருக்கிறது, என் நோக்கத்தை எப்படிக் கண்டறிவது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்றுவரை உடன் வேலை பார்த்தவர்களுக்கே இன்று நீங்கள் தலைவராகியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். என் கதை அதுதான்.

ஒன்பது பேர் கொண்ட மென்பொருள் குழு அது. முதல் சில மாதங்கள் எனக்கு முன்பிருந்த மேலாளரின் குரலிலேயே பேசினேன். கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவால் மேசையைத் தட்டும் அவருடைய பழக்கம்கூடத் தொற்றியிருந்தது. பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். வாழ்வின் நோக்கத்தை அரை மணி நேரத்தில் ஓர் அட்டையில் எழுதித் தரச் சொன்ன வகுப்பு (அந்த அட்டை என்னவாயிற்று என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை). மனத்தில் இருப்பதை மறைக்காமல் கொட்டிவிடுவதே உண்மையான தலைமை என்று அங்கே தவறாகப் புரிந்துகொண்டு, மறுநாளே குழுவினரிடம் ‘எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது’ என்றேன். அவர்கள் என்னைத் தேற்றினார்கள். அதன்பின் முடிவு கேட்டு என்னிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். புதுப் பொறுப்பேற்ற மேலாளர் ஒருவர் இப்படியே அச்சத்தைச் சொல்லி மதிப்பிழந்ததை, தலைமைப் பண்பை ஆராயும் பேராசிரியர் எர்மினியா இபார்ரா 2015இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதியிருக்கிறார். படித்தபோது சற்று ஆறுதலாக இருந்தது.

எட்டாம் மாதம் ஒரு மென்பொருள் வெளியீடு பழுதானது. மேலிடத்துக்கு அறிக்கை எழுத அமர்ந்து, ‘சோதனையில் பிழை கவனிக்கப்படவில்லை’ என்று தட்டச்சு செய்தேன். பொய்யில்லை. ஆனால் ஐந்து நாள் சோதனையை இரண்டு நாளாகக் குறைத்தது நான். படிப்பவர்கள் குற்றம் சொல்லப்போவதோ சோதனை செய்த, குழுவிலேயே இளையவரை. அந்தச் செயப்பாட்டு வினைக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தேன். வரியை அழித்துவிட்டு, ‘சோதனை நாட்களைக் குறைத்தவன் நான்’ என்று எழுதினேன். இந்தப் பொறுப்பில் நான் எதற்காக இருக்கிறேன் என்பதற்கு அன்று கிடைத்த விடை மிகச் சிறியது: என் முடிவுக்கு இன்னொருவர் அடிபடக் கூடாது.

தற்பெருமை என்று சிலர் சொல்லக்கூடும். துணிச்சலாக உடனே அனுப்பிவிடவில்லை. இரவு முழுக்க வரைவிலேயே கிடந்தது. அந்த ஆண்டு ஊதிய உயர்விலும் அதன் விளைவு தெரிந்தது. அதைத் தாங்கும் நிலை எல்லோருக்கும் இராது என்பதையும் அறிவேன். இருப்பினும், நோக்கத்தை அட்டையில் தேடுவதற்கு முன், நீங்கள் எழுதும் அறிக்கைகளில் ‘நான்’ என்ற சொல் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

அந்த இளையவர் நன்றி எதுவும் சொல்லவில்லை. அடுத்த வெளியீட்டுக்கான கூட்டத்தில், அதுவரை வாய் திறந்தே இராத அவர், எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பார்த்து, ‘நீங்கள் சொல்லும் மூன்று நாள் போதாது’ என்றார்.