அம்மா கேட்கும் அந்தக் காதலி

அன்புள்ள மேடம்,

எனக்கு 31 வயது. ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறேன். ஆறு வருடங்களுக்கு முன்பு, யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓபன் மைக் மேடையில் முதன்முதலாக ஏறிய அன்று ஐந்து நிமிடம் பேசினேன், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அப்புறமும் விடாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று மேடை என்று ஓடினேன். ஒரு நாள் 'என் காதலி' என்று ஆரம்பித்து ஒரு சண்டையைச் சொன்னேன். 'உன்னோடு பேச மாட்டேன்' என்று சொல்லிவிட்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் ஹெல்மெட்டால் என் முதுகில் முட்டிக்கொண்டே வரும் காதலி. அரங்கமே அதிர்ந்தது. அந்த வீடியோ வைரல் ஆனது. அலுவலக வேலையை விட்டேன். இன்று என் டிக்கெட் விற்பதே அவளால்தான்.

மேடம், அப்படி ஒரு பெண் இல்லை. நான் தன்பாலின ஈர்ப்பாளன். ஹெல்மெட்டால் முட்டியவன் நான்கு வருடமாக என்னோடு வாழ்கிறவன். அவன் கோபமும் சமாதானமும் அப்படியே நான் மேடையில் பேசும் செட்டில் இருக்கின்றன. அவனை மட்டும் அவளாக்கிவிட்டேன்.

போன மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து ஷோ பார்த்தான். வெளியே வந்தபோது பார்க்கிங்கில் ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி நின்றான். "நல்லாப் போச்சுடா" என்றான். அன்று வீடு வரும்வரை என் முதுகில் ஒரு முறைகூட முட்டவில்லை. படுக்கும்போது சொன்னான்: "அது நம்ம வீட்டுக் கதை. ஐந்நூறு பேர் கேட்டுச் சிரிச்சாங்க. அதுல நான் மட்டும்தான் இல்ல."

அம்மாவும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். "அந்தப் பொண்ணை ஒரு நாள் கூட்டிட்டு வாயேன்பா" என்று போனில் கேட்கிறார். எந்தச் சாதியாக இருந்தாலும் பரவாயில்லை என்றும் சொல்லிவிட்டார். அவர் அவ்வளவு தூரம் இறங்கி வந்திருப்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அப்பா இல்லை. அக்காவுக்கும் எதுவும் தெரியாது.

இரண்டு மாதத்தில், இதுவரை செய்ததிலேயே பெரிய ஷோ வருகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் அம்மா முகம் வந்து நிற்கிறது. சொல்லாவிட்டால் அவனை இழப்பேன், சொன்னால் அம்மாவையும் தொழிலையும் இழப்பேன் என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

மக்களைச் சிரிக்க வைப்பது உங்கள் தொழில். ஆனால் இவ்வளவு நீளக் கடிதத்தில் ஓரிடத்தில்கூட என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். உங்களால் இப்படியும் பேச முடிகிறது.

மேடையில் சொல்வதும் அம்மாவிடம் சொல்வதும் உங்கள் மனத்தில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மேடையில் மைக் உங்கள் கையில் இருக்கிறது. எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும், எங்கே கைதட்டல் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா முன்னால் அது எதுவும் கிடையாது. அவர் அழலாம், எழுந்து உள்ளே போய்விடலாம். அந்த நிமிடத்துக்குப் பயந்துதான் மேடையைத் தேர்ந்தெடுத்தீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் இந்தச் செய்தி யாரோ அனுப்பிய வீடியோவாக அம்மாவின் போனுக்கு வந்து சேரக் கூடாது.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் எலன் டிஜெனரஸ் 1997 ஏப்ரலில் டைம் இதழின் அட்டையில் தன்னைத் தன்பாலின ஈர்ப்பாளர் என்று அறிவித்ததை எல்லோரும் பேசுவார்கள். அவர் தன் அம்மாவிடம் சொன்னது 20 வயதில். அதாவது ஊருக்குச் சொல்வதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்பே! அந்த அம்மா முதலில் தவித்துத்தான் போனார். பிற்பாடு அவரே, இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்காக ஊர் ஊராகப் பேசினார்.

தொழிலுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எலன் வெளிப்படையாகச் சொன்ன மறு ஆண்டே, 1998இல், அவருடைய தொடர் நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகள் சரியான வேலை இல்லை. 2003இல் தொடங்கிய உரையாடல் நிகழ்ச்சிதான் அவரைத் திரும்ப உயரத்துக்குக் கொண்டுபோனது, அது 2022 வரை ஓடியது. உங்கள் கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, ஒப்புக்கொண்ட ஷோக்கள் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பயத்துக்கு ஓர் அளவு தெரிந்துவிட்டால் தூக்கம் வரும்.

ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு இடையிலான உறவு 1997 வரை குற்றமாக இருந்த டாஸ்மேனியாவில் வளர்ந்தவர். தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதையே வைத்துப் பல ஆண்டுகள் சிரிக்க வைத்தார். 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தன் நிகழ்ச்சியில் அதே ஜோக்குகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சிரிப்பு வரும் இடத்தில் கதையை வெட்டிவிடுவதால் அதற்குப் பிறகு நடந்த வலி தனக்குள்ளேயே உறைந்துவிட்டது என்று விளக்கினார். உங்கள் ஹெல்மெட் கதையும் முதுகில் முட்டும் இடத்தோடு நின்றுவிடுகிறது. பார்க்கிங்கில் நின்றவர் அந்த வெட்டுக்கு வெளியே நிற்கிறார்.

அவரிடம் முதலில் பேசுங்கள். மேடையில் நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்லும் அதே நொடியில் அவரையும் சேர்த்து வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். அவர் வீட்டுக்குத் தெரியுமா, அலுவலகத்துக்குத் தெரியுமா? அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை அவர் படித்தாரா? கடிதத்தில் இது எதுவும் இல்லை. அவர் கேட்பது ஐந்நூறு பேருக்கு முன்னால் ஓர் அறிவிப்பு என்று நீங்களாக முடிவு செய்திருக்கிறீர்கள். உங்கள் அக்கா வீட்டில் ஒரு மதியம் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றுகூட அவர் நினைக்கலாம். கேளுங்கள். உங்கள் இருவர் வாழ்க்கையில் எது மேடைக்குப் போகலாம், எது கூடாது என்பதையும் அவரே சொல்லட்டும்.

அப்புறம் அக்கா. அம்மாவுக்கு முன்னால் அவரிடம் சொல்வது நல்லது. அம்மா உடைந்துபோனால் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். அந்த வேலையை நீங்களே செய்ய முடியாது.

அம்மா "டாக்டரிடம் காட்டலாமா?" என்று கேட்கலாம். கோபப்படாதீர்கள், இவ்வளவு காலம் அவர் காதில் விழுந்தது அதுதான். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஜூனில் தீர்ப்பு எழுதும் முன் இதைப் புரிந்துகொள்வதற்காகத் தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை செய்யக் கூடாது என்றும் உத்தரவிட்டார். ஒரு நீதிபதியே உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார், அம்மாவுக்கும் அவகாசம் வேண்டும். அவர் விரும்பினால் என்னிடம் அழைத்து வாருங்கள், மாற்ற அல்ல, அவர் பேச.

இரண்டு மாதக் கெடு நீங்களே வைத்தது. ஷோவை அந்தப் பத்து நிமிடம் இல்லாமலும் நடத்தலாம், அடுத்த ஆண்டு வேறு மேடையில் சொல்லலாம். புதிதாக எழுதும் செட்டில் மட்டும் இனி 'அவள்' வேண்டாம்.

அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். இரண்டு வரி போதும். "நீ கேட்கிற பொண்ணு இல்லம்மா, ஒரு பையன். நாலு வருஷமா என்னோட இருக்கான்." அதற்குப் பிறகு அறையில் ஓசையே இருக்காது. ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று உங்கள் நாக்கு துடிக்கும். எனக்கு எழுதியபோது அடக்கிக்கொண்டீர்கள் அல்லவா, அங்கேயும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். முதல் வார்த்தை அம்மாவுடையதாக இருக்கட்டும்.