கிமோனோ முன்னால் விலகுகிறதா? பட்டன் வைக்காதீர்கள்

கேள்வி: கல்லூரி நாடகத்தில் என் மகளுக்கு ஜப்பானியப் பெண் வேடம். படத்தைக் காட்டித் தைத்து வாங்கிய கிமோனோ, உட்கார்ந்தால் விலகி முழங்கால் தெரிகிறது. கழுத்து மேலே ஏறிக்கொள்கிறது. நாலு பிரஸ் பட்டன் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் தையல்காரர். வேட உடை ஏற்பாடு செய்யும் ஏஜென்ட், ஏழு மீட்டர் சாட்டின் வாங்கினால் புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்கிறார். மகளின் உயரம் 158 செ.மீ., இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு 96 செ.மீ. எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பது நடுவில் பிளந்த நைட்டி. அதில் முன்பக்கத் துணியே போதாது. பட்டன் வைத்தால் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் வாய் பிளக்கும், உட்காரும்போது துணி கிழியும்.

உண்மையான கிமோனோவில் முன்பக்கம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் 15 செ.மீ. அகலத்தில் தனியாக ஒரு நீளப் பட்டி சேர்த்திருப்பார்கள். ஒகுமி என்று பெயர். ஒரு பக்கத் துணி மறுபக்க இடுப்பு வரை போய்ச் சேர்வது இதனால்தான். சுற்றளவைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும் என்று கணக்கு வையுங்கள்: 96க்கு 144 செ.மீ. அதாவது, தைத்து முடிந்தபின் பின்பக்கம் 31, முன்பக்கம் 26, ஒகுமி 15. இந்த மூன்றும் இரண்டிரண்டு.

தையல்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தையல் வகுப்பில் கிமோனோ என்றால் உடம்போடு சேர்த்து வெட்டும் ஒரு கை வகை என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். இணையக் கடைகளில் அதே பெயரில் முன்பக்கம் திறந்த மேலங்கி விற்கிறது. அந்தச் சொல்லை மட்டும் சொல்லி ஒருவரிடம் துணியைக் கொடுத்தால் இந்த இரண்டில் ஒன்றுதான் திரும்பி வரும். ‘யுகாட்டா’ என்று சொல்லுங்கள். அளவை எழுதிக் கொடுங்கள். உள் துணி இல்லாத பருத்திக் கிமோனோ அது. ஜப்பானில் கோடைத் திருவிழாவுக்கும் வெந்நீர் ஊற்று விடுதிகளிலும் உடுத்துவார்கள். மேடைக்கு அதுவே தாராளம்.

சாட்டினைத் தொடவே வேண்டாம். வழுக்கும் துணியில் இடுப்புக் கட்டு நிற்காது, இரண்டாம் காட்சிக்குள் அவிழ்ந்துவிடும். ‘ஜப்பான் துணி’ என்று ஏஜென்ட் காட்டுவது பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். ஏழு மீட்டர் என்பதும் அவருக்கு மிச்சம் பிடிக்க. 44 அங்குல அகலப் பருத்தித் துணி 4.75 மீட்டர் போதும், அதில் கால் மீட்டர் சுருக்கத்துக்காக. கல்லூரிகள் இப்படிப்பட்டவர்களுக்கு மொத்தமாகக் குத்தகை விட்டுவிட்டு, அளவுகூட எடுக்காமல் பெற்றோரிடம் பணம் வசூலிப்பதை என்றைக்கு நிறுத்தப் போகிறார்களோ!

துணியை ஓர் இரவு நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டபின் நீளவாக்கில் 37 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டைகளாகக் கிழியுங்கள். முதல் இரண்டு பட்டைகளிலும் உடம்புக்கு 3.30 மீட்டர் வீதம். தோளில் வெட்டாமல் முன்னும் பின்னும் ஒரே துண்டாகத் தொங்க வேண்டும். மூன்றாவது பட்டையில் கைகளுக்கு 1.05 மீட்டர் வீதம் இரண்டு துண்டு, அதன்பின் 1.45 மீட்டர் வெட்டி, அதை அகலத்தில் பாதியாக்கினால் இரண்டு ஒகுமி. முதல் இரண்டு பட்டைகளின் மிச்சத்தில் கழுத்துப் பட்டிக்கு 13 செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் வீதம் இரண்டு துண்டு. நடுமுதுகில் இணைத்து, 5.5 செ.மீ. அகலத்துக்கு மடித்துத் தையுங்கள். பட்டியின் கீழ்முனை, உடையின் கீழோரத்திலிருந்து 79 செ.மீ. உயரத்தில் முடியட்டும்.

குடை, கொக்கு மாதிரி தலை கால் உள்ள டிசைன் துணி வாங்கிவிட்டீர்களானால் இந்த வெட்டு உதவாது. துணி தோளைத் தாண்டி இறங்குவதால் முன்னால் நிமிர்ந்த கொக்கு முதுகில் தலைகீழாகத் தொங்கும். தோள்கோட்டுக்கு 2 செ.மீ. பின்னால் வெட்டி, பின் துண்டைத் திருப்பி இணைக்க வேண்டும். சரியாகத் தோளிலேயே வெட்டினால் தையல் கழுத்துப் பிளவோடு சேராமல் முன்னால் துருத்தித் தெரியும். கைகளையும் இப்படியே நடுவில் வெட்டித் திருப்புங்கள். ஒகுமி இரண்டும் முன்பக்கத்தைப் பார்த்தே நிற்க வேண்டும். தையலுக்கென்று எல்லா இடத்திலும் 2 செ.மீ. கூட விடுங்கள். இத்தனை பாடு எதற்கு? கோடோ, சிதறிய பூவோ உள்ள துணியாக வாங்குங்கள்.

கழுத்தை வட்டமாக வெட்டவே கூடாது. பழையது மேலே ஏறிக்கொள்வதற்கு அதுதான் காரணம், அதைப் பிரித்தும் பயனில்லை. நடுமுதுகுத் தையலிலிருந்து இருபுறமும் 9 செ.மீ. குறுக்கே ஒரு பிளவு, தோள்கோட்டுக்கு 2 செ.மீ. பின்னால். அவ்வளவுதான். உடுத்தியபின் பிடரிக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழைய வேண்டும்.

கையின் தொங்கல் 49 செ.மீ. அதில் தோளிலிருந்து 22 செ.மீ. மட்டும் உடம்போடு சேர்த்துத் தையுங்கள். அதற்குக் கீழே உடம்பின் பக்கத்தையும் 14 செ.மீ. திறந்தே விடுங்கள். தையல்காரர் மறந்துவிட்டோம் என்று நினைத்து மூடிவிடுவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அது மூடினால் கை தூக்க முடியாது, உள்ளே கைவிட்டு இடுப்பு மடிப்பையும் நேராக்க முடியாது.

உடையின் நீளம் மகளின் உயரம் முழுவதும், 158. தரையில் புரளுமே என்று குறைக்காதீர்கள். கணுக்கால் அளவுக்குத் தூக்கி, 5 செ.மீ. அகலப் பருத்திப் பட்டியால் இடுப்பில் கட்டி, மிச்சத்தை அதன்மேல் வழியவிட வேண்டும். பாவாடை நாடா உடம்பை அறுக்கும். மார்புக்குக் கீழே இன்னொரு கட்டு. மேலே ஒபி என்னும் அகல இடுப்புப் பட்டை: 16 செ.மீ. அகலம், 3.6 மீட்டர் நீளம், உள்ளே விறைப்புக்குப் பக்ரம் துணி. பின்முடிச்சைத் தனியாகத் தைத்துக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம், ஜப்பானிலும் அப்படி விற்கிறார்கள்.

உடுத்துபவரின் இடதுபக்கத் துணிதான் மேலே வர வேண்டும். பெண்கள் சட்டைப் பழக்கத்தில் இங்கே வலதை மேலே போட்டுவிடுவார்கள். ஜப்பானில் அப்படி உடுத்துவது இறந்தவருக்கு. வலது கை மார்புத் திறப்புக்குள் தடங்கலின்றி நுழைந்தால் சரி.

பக்கத் தையலை முதலில் நூலோட்டம் மட்டும் போட்டு, மகளை மண்டியிட்டு உட்காரச் சொல்லிப் பாருங்கள். துணி விலகினால் இருபக்கமும் ஒரு சென்டிமீட்டர் விட்டுக் கொடுங்கள். அதற்காகத்தான், தையலுக்கு உள்ளே மிஞ்சும் துணியை வெட்டாமல் மடித்து வைக்க வேண்டும்.