சுவீடன்காரர்கள் அந்த நாற்ற மீனை எப்படித்தான் சாப்பிடுகிறார்கள்?

நீங்கள் கேட்கும் சூர்ஸ்ட்ரோமிங் அழுகிய மீன் இல்லை, புளிக்க வைத்த மீன். பால்டிக் கடலின் ஹெர்ரிங் என்ற சிறு மீனை, அழுகாமல் இருக்க மட்டும் போதுமான உப்பில் மாதக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள், டின்னில் அடைத்த பிறகும் புளிப்பு நிற்காததால் உள்ளே வாயு சேர்ந்து டின்னே உப்பிக்கொண்டு நிற்கும். அதனால்தான் பெரும்பாலும் வெளியில் வைத்துத் திறக்கிறார்கள். வாடைக்கு ஒரு முக்கியக் காரணம் ஹைட்ரஜன் சல்பைட், அழுகின முட்டையில் வருகிற அதே வாயு.

நம் இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கம், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு அடுப்பில் கருவாடு சுட்டால் நமக்குப் பசி கிளம்பும், பழகாதவர் மூக்கைப் பொத்துவார். மூக்குக்குப் பழக்கம்தான் எல்லாம், இதில் அருவருக்க ஒன்றுமே இல்லை. அப்புறம், அவர்கள் அதை வெறுமனே தின்பதில்லை, மெல்லிய ரொட்டியில் அவித்த உருளைக்கிழங்கு, நறுக்கின வெங்காயத்தோடு கொஞ்சமாக வைத்துச் சாப்பிடுகிறார்கள்.