வீட்டில் பாட்டு கேட்க சிடிக்களை வைத்துக்கொள்ள வேண்டுமா, ஃபைல்களாக மாற்றினால் போதுமா?

உங்களிடம் இருநூறு சிடி இருக்கிறது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் தட்டுகளைக் கழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு மாறப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெட்டி கட்டும்போதுதான் யாருக்கும் இந்த யோசனை வரும். எனக்கும் 2012-ல் சென்னை ஜாபர்கான்பேட்டைக்குக் குடி வந்தபோது வந்தது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஏற்றுங்கள், கட்டாயம் ஏற்றுங்கள். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) வடிவத்தில் ஏற்றுங்கள். தட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இடமே இல்லை, எதையாவது கழித்துத்தான் ஆக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் டப்பாவைக் கழியுங்கள். அதற்குள் செருகியிருக்கும் அட்டையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். அட்டைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் என் கதையைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா மிருதங்கம் வாசித்தவர். ஊர் அறிந்த பெயர் இல்லை. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை, மீதி நேரமெல்லாம் வாசிப்பு. திருச்சி வானொலியில் பி-ஹை கிரேடு வாங்கியிருந்தார், அதாவது கலைஞர்களுக்கு வானொலி தரும் தரவரிசைகளில் ஒன்று. அந்தக் கிரேடு வாங்க அவர் பட்ட பாடு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 1991-ல் ஒரு பாடகரின் கச்சேரிக் கேசட்டுக்கு வாசித்தார். சில வருடம் கழித்து அதே பதிவு சிடியாகவும் வந்தது. அப்பா வாசித்து, கடையில் விலைக்கு விற்ற ஒரே பதிவு அதுதான்.

அந்தச் சிடி தபாலில் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா தட்டைத் தொடவே இல்லை. எங்கள் வீட்டில் அப்போது சிடி பிளேயரும் கிடையாது. டப்பாவைத் திறந்து அட்டையை மட்டும் உருவினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் போய் நின்று பார்த்தார். பாட்டு, வயலின், மூன்றாவது வரியில் மிருதங்கம் என்று போட்டு அவர் பெயர். அதை விரலால் ஒரு தரம் தடவிவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்பச் செருகி வைத்தார். அவ்வளவுதான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. 2009-ல் அப்பா காலமானார்.

2012-ல் வீடு மாறும்போது என்னிடம் நூற்றெண்பது சிடி இருந்தன. எல்லாவற்றையும் எம்பி3 ஆக ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். தட்டுகளை ஜிப் போட்ட சிடி பைகள் மூன்றில் அடுக்கினேன். டப்பாக்கள் அட்டையோடு சேர்ந்து இரண்டு சாக்கு மூட்டையில் பழைய பேப்பர்க்காரரிடம் போயின. அப்பாவின் அட்டையும் அதில் போயிற்று. தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. தட்டு இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன்.

ஏற்றியதிலும் தவறு செய்தேன். மென்பொருள் தானாகக் காட்டிய 128 கேபிபிஎஸ் அளவையே, அதாவது நொடிக்கு 128 கிலோபிட், வைத்துவிட்டேன். சிடியில் ஒரு நொடிக்கு 1411 கிலோபிட் தகவல் இருக்கிறது. அதைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். குரலில் எனக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. மிருதங்கத்தில் தெரிந்தது. வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலது முகத்தில், விழும் ஒவ்வொரு அடிக்கும் சற்று முன்னாலேயே ஒரு மங்கலான சத்தம் கசிகிற மாதிரி இருந்தது. பிரமை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால், திடீரென்று எழும் ஒலிகளைச் சுருக்கும்போது எம்பி3-யில் வரக்கூடிய குறைதானாம் அது. கடம், கஞ்சிரா, ஜால்ரா எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

இன்னொன்று, கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். தனி ஆவர்த்தனம் என்பது கச்சேரி நடுவில் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி. அது முடியும்போது மிருதங்கம் கோர்வை என்ற முத்தாய்ப்பு வைத்து, பாட்டின் எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில், சரியாக வந்து விழும். அந்த நொடியில் பாடகர் பல்லவி வரியைப் பிடிப்பார். சிடியில் தனி ஆவர்த்தனம் ஒரு டிராக், அடுத்து பாட்டு இன்னொரு டிராக் என்று பிரித்திருந்தாலும் இடைவெளி இல்லாமல் ஓடும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு ஃபைலின் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துகொள்ளும். பிளேயர் அதைக் கத்தரிக்கத் தெரிந்ததாக இல்லாவிட்டால், அந்த எடுப்பில் கண் சிமிட்டும் நேரம் ஒன்றுமே கேட்காது. மூன்று வருடம் அப்பாவின் கோர்வையை அப்படித்தான் கேட்டேன்.

பிறகு 2015 டிசம்பர். அடையாற்றில் வெள்ளம் வந்து எங்கள் தெருவுக்குள் தண்ணீர் நுழைந்தபோது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். தரைத்தள வீடு. நான்காம் நாள் திரும்பினால் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. ஹார்ட் டிஸ்க் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. அதைத் தூக்கியபோது உள்ளிருந்து தண்ணீர் வடிந்தது. சிடி பைகளும் சேற்றில்தான் கிடந்தன. வீசிவிடலாம் என்றார் என் கணவர். நான் கேட்கவில்லை.

குடிக்கவே லாரித் தண்ணீருக்கு நின்ற வாரம் அது. ஒரு வாளி நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, ஒவ்வொரு தட்டாக முக்கி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. சிடியில் தடம் சுருளாகப் போகிறது. குறுக்கே விழும் கீறலைப் பிளேயர் பிழைதிருத்தம் செய்து சமாளித்துவிடும். தடத்தோடு கூடவே போகும் கீறலைச் சமாளிப்பது கஷ்டம். கழுவிய தட்டுகளை மொட்டை மாடியில் நிழலில் வேட்டி விரித்து அடுக்கினேன். நூற்றெண்பதில் நூற்று ஐம்பத்திரண்டு ஓடின. அப்பாவின் தட்டும் ஓடியது.

பாழானதில் பாதிக்கு மேல் வீட்டில் எழுதிய சிடிக்கள், அதாவது சிடி-ஆர். தொழிற்சாலையில் அச்சான தட்டில் பாட்டு பள்ளம் மேடாகப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கிறது. சிடி-ஆரில் அது ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் வெள்ளம் வராமலே அது வெளிறும். உங்களிடம் கல்யாணக் கச்சேரி, வானொலிப் பதிவு மாதிரி எதையாவது அப்படி எழுதி வைத்திருந்தால், முதல் வேலையாக அதை ஏற்றுங்கள். அப்புறம், தட்டின் பளபளப்பான பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைப்பார்கள். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. பெயர் எழுதும் பக்கத்தில் ஒரு பூச்சுக்கு அடியிலேயே உலோகப் படலம் வந்துவிடும். கீறல் அங்கே விழுந்தால்தான் ஆபத்து. பால்பாயின்ட் பேனாவால் எழுதவே கூடாது.

தட்டு பிழைத்தது. அட்டை இல்லை. சரி, இப்போதுதான் எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்று ஒரு பாட்டுச் செயலியில் தேடினேன். அந்தக் கச்சேரி கிடைத்தது. பாடகர் பெயர் இருந்தது. பாட்டு, ராகம் எல்லாம் இருந்தது. வயலின் வாசித்தவர் பெயர் இல்லை. மிருதங்கம் வாசித்தவர் பெயர் இல்லை. தனி ஆவர்த்தனம் என்று பதினோரு நிமிட டிராக் ஒன்று இருக்கிறது. அதில் பாடகர் ஒரு வார்த்தை கூடப் பாடவில்லை. அதற்கு நேரேயும் கலைஞர் என்று பாடகர் பெயர்தான். என் அப்பா வாசித்த பதினோரு நிமிடம், இன்னொருவர் பெயரில். பாடகரைக் குறை சொல்லவில்லை, அவர் அப்பாவை மதித்தவர். பதிவு செய்து ஏற்றியவர்கள் அந்த இடத்தில் ஒரு பெயரைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சபாக்களில் தனி ஆரம்பித்த உடனே எழுந்து கேன்டீனுக்குப் போகிறீர்களே, மேடையில் இருப்பவருக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அப்பாவோடு சிறுமியாக நான் எத்தனையோ கச்சேரிக்குப் போயிருக்கிறேன். அவர் தொப்பிக்கு, அதாவது மிருதங்கத்தின் இடது முகத்துக்கு, ரவை பிசைந்து ஒட்டுவதை, வலந்தலையைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பதை அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். இரண்டு மணி நேரம் அடக்கி வாசித்துவிட்டு, அவருக்கென்று பத்து நிமிடம் வரும்போது நாற்காலிகள் கிறீச்சிடும். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மிருதங்கத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போடச் சொல்வார்கள். சன்மானக் கவரில் இருப்பதில் அதற்கும் எடுத்துக் கொடுப்பார். டிசம்பர் சீசனில் இன்றைக்கும் தனிக்கு எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவசரமாகப் போக வேண்டியவர்கள் இருப்பார்கள், மூத்தவர்கள் இருப்பார்கள், அவர்களைச் சொல்லவில்லை. ஒரு மொத்த வரிசையே எழுந்தால் அது அவசரம் இல்லை.

சரி, அட்டைக்கு வருகிறேன். அப்பாவிடம் கற்றுக்கொண்ட ஒரு அண்ணா பாபநாசத்தில் இருக்கிறார். 2017-ல் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டேன். "சிடி இல்லைம்மா. கேசட்டு இருக்கு. டேப்பு ஒட்டிக்கிட்டு ஓடாது. அட்டை நல்லாத்தான் இருக்கு, சார் கையெழுத்தே இருக்கு" என்றார். மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். பீரோவுக்குள் துண்டில் சுற்றி வைத்திருந்தார். கேசட் அட்டை மூன்று மடிப்பு. இரண்டாவது மடிப்புச் சரியாக அப்பா பெயர் மேலேயே விழுந்து, நடு எழுத்து ஒன்று வெளுத்திருந்தது. கீழே பச்சை மையில் கையெழுத்து. அதைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அது அவருடையது. திண்ணை வெளிச்சத்தில் வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது என்னிடம் அந்த நூற்று ஐம்பத்திரண்டும் ஃப்ளாக் ஃபைல்களாக இருக்கின்றன. ஃப்ளாக் என்பது கம்ப்யூட்டரில் வரும் ஜிப் ஃபைல் மாதிரி, சுருக்கும், எதையும் தொலைக்காது. சிடியில் பாதி அளவுக்கு வரும். நூற்றைம்பது சிடி 128 ஜிபி பென் டிரைவில் தாராளமாக அடங்கும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளில்தான் ஏற்றினேன். சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, மற்றவர்கள் ஏற்றிய அதே சிடியோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கும். தட்டு ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஆகும். புது லேப்டாப்பில் டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பி-யில் செருகுவது இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. இரண்டு பிரதி எடுத்தேன், ஒன்று அக்கா வீட்டில் இருக்கிறது. ஒழுங்காக ஏற்றிய ஃப்ளாக்கும் சிடியும் காதுக்கு ஒன்றுதான். இல்லை, தட்டில்தான் உயிர் இருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் வாதாட வரவில்லை. எல்பி ரெக்கார்டு வைத்திருப்பவர்களும் கோபிக்க வேண்டாம், அது வேறு உலகம். இவையெல்லாம் நான் காசு கொடுத்து வாங்கிய தட்டுகள், என் வீட்டில் கேட்பதற்கு மட்டும். யாருக்கும் பிரதி கொடுப்பதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்.

செயலியில் கேட்டால் போதாதா என்று பின்னூட்டத்தில் சிலர் வருவார்கள். நானும் சமைக்கும்போது அதில்தான் கேட்கிறேன். ஆனால் உரிமம் முடிந்தால் ஒரு நாள் அந்த ஆல்பம் காணாமல் போகும், உங்களைக் கேட்க மாட்டார்கள்.

ஃப்ளாக் ஃபைலில் ஒரு வசதி உண்டு. பாடகர், ஆல்பம் என்பதோடு நாமாகவே எந்தத் தலைப்பிலும் தகவல் சேர்க்கலாம். ஒவ்வொரு கச்சேரிக்கும் வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா, தம்புரா என்று தனித்தனியாகப் பெயர் ஏற்றி வருகிறேன். அட்டைகளைத் தொலைத்துவிட்டதால் பல கச்சேரிகளுக்கு இன்னும் பாதிப் பெயர்கள் இல்லை. தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் அலமாரியைத்தான் முதலில் பார்க்கிறேன். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அந்த இருநூறில் கர்நாடக சங்கீத சிடிக்கள் இருந்து, எப்படியும் கழிக்கத்தான் போகிறீர்கள் என்றால், பழைய பேப்பர்க்காரருக்குப் போடுவதற்கு முன் இங்கே ஒரு வரி எழுதுங்கள். சென்னைக்குள் எங்கே என்றாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். தட்டு ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அட்டை இருந்தால் போதும்.