சித்தூர் வரப்புத் தகராறு: 32 வேண்டாம், 136-தான் வழி

வணக்கங்க. கொழிஞ்சாம்பாறை வரப்பு வழக்கில் கீழ்க்கோர்ட் இரண்டும் உங்களுக்குச் சாதகம், எர்ணாகுளம் ஹைகோர்ட் இரண்டாம் அப்பீலில் மாற்றிவிட்டது, அரசியலமைப்பின் 32-வது பிரிவில் நேரே சுப்ரீம் கோர்ட் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. அது அடிப்படை உரிமைக்கான கதவு. சொத்துரிமையை 1978-லேயே 44-வது திருத்தம் அதிலிருந்து எடுத்துவிட்டது.

உங்களுக்கு உள்ளது அரசியலமைப்பின் 136-வது பிரிவின் சிறப்பு அனுமதி மனு, அதாவது அப்பீல் செய்ய சுப்ரீம் கோர்ட்டிடம் அனுமதி கேட்கும் மனு. தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாள். சான்றிட்ட நகலுக்கு இன்றைக்கே மனுப் போடுங்கள். நாள் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு வேண்டும்.

வரப்பு எங்கே என்று டெல்லியில் மறுபடி அளக்க மாட்டார்கள். அங்கே சாட்சியை வாதாடினால் மனு முதல் நாளே விழுந்துவிடலாம். தீர்ப்பில் ஒன்றைத் தேடுங்கள்: சிவில் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவுப்படி, முக்கியச் சட்டக் கேள்வியை ஹைகோர்ட் வகுத்ததா? வகுக்காமல் கீழ்த்தீர்ப்பைக் கவிழ்த்திருந்தால் அதுவே உங்கள் பலமான வாதம். மனுவின் முதல் வாதமாக அதையே வையுங்கள்.

மனுப் போட்டதும் தடை தானாக வராதுங்க. இடைக்காலத் தடை தனியே கேளுங்கள், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு தீர்ப்பை நிறைவேற்றிவிடலாம். தமிழ் ஆதாரம், மலையாள சாட்சியம் எல்லாம் ஆங்கிலத்தில் போகவேண்டும். சர்வே எண் பிசகாமல் நீங்களே ஒத்துப்பாருங்கள்.

தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்ட், அதாவது சுப்ரீம் கோர்ட்டில் மனுத் தாக்கல் செய்யப் பதிவு பெற்ற வக்கீல், வேண்டும். ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்றால் சுப்ரீம் கோர்ட் சட்ட உதவிக் குழுவில் இலவசமாகக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை.

சுப்ரீம் கோர்ட் உங்கள் மனுவைக் காரணம் சொல்லாமல் தள்ளினாலும், ஹைகோர்ட்டில் அதன் தீர்ப்பைச் சீராய்வு (ரிவ்யூ) கேட்கும் வழி அடைபடாது. குஞ்ஞயம்மது வழக்கில் 2000-ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது இது.